காப்பாத்த முடியாத வாக்கு: அமேசிங் ஸ்பைடர்மேன் 2 எங்க சறுக்குச்சு?

2012ல வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேனோட கடைசி சீன் ஞாபகம் இருக்கா? பீட்டர் கிளாஸுக்கு லேட்டா வர்றான், இனிமே லேட் ஆகாது மேடம்ங்கறான், காப்பாத்த முடியாத வாக்கெல்லாம் குடுக்காதன்னு டீச்சர் சொல்ல, இவன் தன் காதலி க்வென் பின்னாடி போய் உக்காந்துகிட்டு, அந்த மாதிரி வாக்குதான் இருக்கறதுலயே பெஸ்ட்டுன்னு அவ காதுல விழற மாதிரி முணுமுணுக்கிறான். அவ முகத்துல மெல்லமா ஒரு சிரிப்பு. பாக்க க்யூட்டாதான் இருக்கும். ஆனா அவன் அங்க காத்துல பறக்க விடறது அவளோட அப்பா, போலீஸ் கேப்டன் ஸ்டேசி, உசுரு போற நேரத்துல, என் பொண்ண இதுல இழுக்காதன்னு கேட்டு வாங்கின சத்தியம்.

பார்ட் 2க்கான மொத்த கதையும் அந்த ஒரு வரிக்குள்ள இருக்கு. சத்தியத்த மீறினா என்ன ஆகும்? காமிக்ஸ் படிச்சவங்களுக்கு அது 1973லேர்ந்தே தெரியும். அதனால 2014 மே மாசம் பார்ட் 2 வந்தப்போ எல்லாமே கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு, பீட்டரா ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் க்வெனா எம்மா ஸ்டோனும் சேர்ந்து நின்னாலே சீன் தானா ஓடும், டைரக்டர் அதே மார்க் வெப், பட்ஜெட் 20 கோடி டாலர். அப்புறம் ஏன் படம் முடிஞ்சு வெளிய வரும்போது ஏதோ 3 படத்தோட ட்ரெய்லர ஒட்டுமொத்தமா பாத்த மாதிரி இருந்துச்சு?

வில்லன் ஜாஸ்தி, கிராபிக்ஸ் ஓவர், எலெக்ட்ரோ லுக் சரியில்லன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. எல்லாம் உண்மைதான், ஆனா அதெல்லாம் காய்ச்சல் மாதிரி, நோய் வேற. குடுத்த வாக்க தீர்க்க வேண்டிய படம் புதுசு புதுசா வாக்கு குடுத்துட்டே இருந்துச்சு, என்னோட கணக்குல அதான் நோய்.

மொதல்ல ஒண்ண சொல்லிடறேன், இது ஃப்ளாப் கிடையாது. உலகம் பூரா கிட்டத்தட்ட 71 கோடி டாலர் வசூல். சும்மா இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி வந்த நாலு ஸ்பைடர்மேன் படத்தோடயும் வச்சுப் பாத்தா இதான் கடைசி. அமெரிக்காவுல மட்டும் எடுத்துக்கிட்டா 2002ல முதல் ஸ்பைடர்மேன் 40 கோடி தாண்டுச்சு, இது 20 கோடிய தொட்டு நின்னுடுச்சு, இடையில டிக்கெட் விலை வேற ஏறிருக்கு. அதே 2014 ஆகஸ்ட்ல கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸின்னு ஒண்ணு வந்துச்சு, வெளிய யாருக்கும் பேரே தெரியாத டீம், அதுல துப்பாக்கி தூக்கின ஒரு ரக்கூன், ஒரே வரிய திரும்பத் திரும்ப சொல்ற ஒரு மரம், அது 77 கோடி பண்ணிட்டு போயிருச்சு. உலகத்துல இருக்கிற அத்தனை குழந்தைங்களுக்கும் தெரிஞ்ச ஸ்பைடர்மேன் ஒரு மரத்துகிட்ட தோத்துட்டான்.

சரி, ஸ்டுடியோ பக்கம் போவோம், ஏன்னா இந்த படத்தோட திரைக்கதைய புரிஞ்சுக்கணும்னா அது பின்னாடி இருந்த ஒப்பந்தத்த புரிஞ்சுக்கணும்.

1996ல மார்வெல் கம்பெனி திவால் ஆச்சு. அந்த காலகட்டத்துல ஒவ்வொரு கேரக்டரையும் ஒவ்வொரு ஸ்டுடியோவுக்கு வித்தாங்க, எக்ஸ்மென் ஃபாக்ஸுக்கு போச்சு, ஸ்பைடர்மேன் சோனி கைக்கு வந்துச்சு. ஆனா சும்மா வாங்கி பீரோவுல வச்சுக்க முடியாது, குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள அடுத்த படம் எடுத்தே ஆகணும், இல்லன்னா உரிமை மார்வெலுக்கே திரும்பிடும். அதனாலதான் முதல் மூணு ஸ்பைடர்மேன் படத்த எடுத்த சாம் ரெய்மியோட நாலாவது படம் 2010 ஜனவரில ட்ராப் ஆன உடனே, பழைய படத்தோட சூடு ஆறறதுக்குள்ள, ரீபூட்டுன்னு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. அதோட 2011ல சோனி இன்னொரு டீல் போட்டுச்சு, படத்து பேர்ல விக்கற பொம்மை, டீசர்ட், பள்ளிக்கூட பை எல்லாத்துலயும் தனக்கு வர வேண்டிய பங்க மார்வெலுக்கே குடுத்துருச்சு. அதாவது ஸ்பைடர்மேன் பேர்ல பொம்மை வித்தா காசு மார்வெலோட முதலாளி டிஸ்னிக்கு போகும், சோனிக்கு படத்துலேர்ந்து வர்றது மட்டும்தான். வருமானத்த கூட்டணும்னா ஒரே வழி, நிறைய படம் எடுக்கணும்.

இந்த நேரத்துலதான் 2012 மே மாசம் அவெஞ்சர்ஸ் வந்து 150 கோடி டாலர் வாரிட்டு போச்சு. அதுக்கப்புறம் ஹாலிவுட்ல யாருக்கும் தூக்கம் வரல, பல ஹீரோ படங்கள ஒரே கதையா கோர்க்கிற யுனிவர்ஸ் எல்லாருக்கும் வேணும். மார்வெல்கிட்ட அயர்ன்மேன் இருக்கான், தோர் இருக்கான், கேப்டன் அமெரிக்கா இருக்கான். சோனிகிட்ட இருக்கறது ஒரே ஒரு ஹீரோ, அவன சுத்தி அவன் கைல அடி வாங்கின வில்லனுங்க. சரி, வில்லனுங்கள வச்சே யுனிவர்ஸ் கட்டுவோம்னு முடிவு பண்ணாங்க.

2013 ஜூன்ல மூணாவது படத்துக்கு 2016ன்னும் நாலாவதுக்கு 2018ன்னும் தேதி அறிவிச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல வெனம்ங்கற வில்லனுக்கு தனிப் படம், ஆறு வில்லனுங்க சேர்ற சினிஸ்டர் சிக்ஸ்னு இன்னொரு படம்னு அறிவிப்பு. கவனிங்க, பார்ட் 2 இன்னும் ரிலீசே ஆகல. வர வேண்டிய படம் ஒண்ணு, அது முதுகுல ஏத்தின மூட்டை நாலு.

இப்போ படத்த பாருங்க, ஒவ்வொரு மூட்டையும் எங்க இருக்குன்னு கைய வச்சு காட்டலாம்.

ரைனோலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல எனக்கு தனிப்பட்ட கோவம் இருக்கு. பால் ஜியாமட்டி மாதிரி ஒரு நடிகர வில்லனா போடறாங்க, போஸ்டர்ல அந்த காண்டாமிருக மெஷின் இருக்கு, ட்ரெய்லர்ல ஸ்பைடர்மேன் சாக்கடை மூடிய வலையில கட்டி சுழட்டிக்கிட்டு அது மேல பாயறான். ஆஹா, இந்த சண்டைய பாக்கணும்னு போய் உக்காந்தா, ஆரம்பத்துல ஒரு லாரி சேசிங்ல ரவுடியா வந்துட்டு அந்தாளு காணாமப் போயிடறாரு, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு கடைசி நிமிஷங்கள்ல மெஷின மாட்டிட்டு வர்றாரு, ஸ்பைடர்மேன் மூடிய சுழட்டறான், பாயறான், கட். படம் முடிஞ்சுது. ட்ரெய்லர்ல பாத்த அதே ஷாட்டுதான் படத்தோட கடைசி ஷாட்டு! சண்டை எங்கன்னு கேட்டா அடுத்த படத்துலயாம். அந்த அடுத்த படம் வரவே இல்ல, அந்த மூடி இன்னும் அந்தரத்துலதான் நிக்குது.

ஹாரி ஆஸ்பர்ன் விஷயம் இத விட மோசம், ஏன்னா இது கதையோட முதுகெலும்ப தொடற விஷயம். ரெய்மி படங்கள்ல ஹாரி பகையாளி ஆகறதுக்கு மூணு படம் எடுத்துச்சு, 2002ல அப்பன் சாகறான், 2004ல நண்பன்தான் ஸ்பைடர்மேன்னு தெரியுது, 2007லதான் பழி வாங்க கிளம்பறான். அந்த அஞ்சு வருஷம் நாமளும் அவன் கூட வாழ்ந்திருக்கோம், அதனால அவன் மாறும்போது வலிக்கும். இங்க? முதல் படத்துல ஹாரிங்கற பேரே வராது. பார்ட் 2ல திடீர்னு வந்து இறங்கறான், சின்ன வயசு ஃப்ரெண்டாம், ஆத்தங்கரையில நின்னு ரெண்டு பேரும் தண்ணில கல்ல விட்டெறிஞ்சு கொஞ்ச நேரம் பேசறாங்க, அதான் மொத்த நட்பும். அப்புறம் பரம்பரை வியாதி, ஸ்பைடர்மேன் ரத்தம் வேணும்னு கேக்கறான், இவன் மாட்டேங்கறான், கோவம், ஊசி, பச்சை மூஞ்சி, கிரீன் காப்ளின். டேன் டிஹான் நல்லா நடிக்கிற பையன், கண்ணுலயே ஒரு நோயாளித்தனம் இருக்கும், ஆனா ஓட்டப்பந்தயத்துல ஓட விட்டா யாரால நடிக்க முடியும்? சினிஸ்டர் சிக்ஸுக்கு ஒரு தலைவன் வேணும், அதுக்காக அவன வேகவேகமா சமைச்சு இறக்கிட்டாங்க, அரைவேக்காடு. நடுவுல ஹாரி குடும்பத்து கம்பெனியான ஆஸ்கார்ப் பில்டிங் அடியில ஒரு ரகசிய ரூம், அங்க டாக்டர் ஆக்டோபஸ்ங்கற வில்லனோட உலோகக் கைங்க, வல்ச்சர்ங்கற வில்லனோட றெக்கை எல்லாம் ஷோரூம் மாதிரி அடுக்கி வச்சிருக்கு. கேமரா அதுங்க மேல நின்னு நகருது. கதைக்கு அதனால நயா பைசா பிரயோஜனம் இல்ல.

எலெக்ட்ரோ மட்டும்தான் ஓரளவு கதையா ஆரம்பிக்குது. ஜேமி ஃபாக்ஸ் பண்ற மேக்ஸ் டில்லன் யாரும் திரும்பிப் பாக்காத ஒரு எஞ்சினியர், ஒரு நாள் ஸ்பைடர்மேன் அவன் உசுர காப்பாத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு போறான், அந்த ரெண்டு வார்த்தைய வச்சே இவன் ஒரு நட்ப கற்பனையில கட்டிக்கிறான், தன்னோட பிறந்தநாள தானே கொண்டாடிக்கிறான். டைம்ஸ் ஸ்கொயர் சீன் எனக்கு இன்னிக்கும் பிடிக்கும். உடம்பெல்லாம் நீல வெளிச்சத்தோட அவன் நடுரோட்டுல நிக்கறான், சுத்தியிருக்கிற எல்லா ஸ்க்ரீன்லயும் அவன் முகம், வாழ்க்கைல முதல் தடவையா ஊரே அவன பாக்குது. ஸ்பைடர்மேன் வந்து தன்மையா பேசறான், ஆனா பேரு ஞாபகம் வரல. அந்த இடத்துல மேக்ஸ் முகத்துல ஏதோ ஒண்ணு உடையும். ஹான்ஸ் ஜிம்மர் பின்னணில இசையோட இசையா அவன் மண்டைக்குள்ள ஓடற குரல்கள கிசுகிசுப்பா விட்டிருப்பாரு. இத வச்சே ஒரு முழுப் படம் பண்ணிருக்கலாம், எல்லார்கிட்டயும் நல்லவனா நடந்துக்கிட்டும் ஒருத்தன் மனசுல காயம் பண்ணிடற ஹீரோ! ஆனா அதுக்கப்புறம் மேக்ஸ ஜெயில்ல கட்டிப் போட்டுட்டு ஹாரி கதைக்கு தாவிட்டாங்க, திரும்பி வரும்போது அவன் கரண்ட்ட கட் பண்ற வழக்கமான வில்லன்தான்.

அப்புறம் அந்த அப்பா அம்மா மர்மம். முதல் படத்து விளம்பரத்துலயே இதுவரைக்கும் சொல்லாத கதைன்னு பில்டப் குடுத்தாங்க. பார்ட் 2 ஆரம்பிக்கறதே பீட்டரோட அப்பா அம்மா போற ப்ளேன்ல நடக்கிற சண்டையோடதான், பல நிமிஷம் ஓடுது. கடைசில தெரியறது என்னன்னா, அந்த ஆராய்ச்சில அப்பா தன்னோட சொந்த டிஎன்ஏவ பயன்படுத்தினாரு, அதனாலதான் அந்த சிலந்தி கடிச்சது பீட்டருக்கு மட்டும் வேலை செஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, ஸ்பைடர்மேனோட அழகே அந்த சிலந்தி யார வேணும்னாலும் கடிச்சிருக்கலாம்ங்கறதுதான். அத பரம்பரை சொத்தா மாத்திட்டாங்க. இன்னொரு கூத்து, அப்பா சாகல, உசுரோட திரும்பி வந்து பீட்டர பாக்கறாருன்னு ஒரு சீன் எடுத்து, கடைசில வெட்டிட்டாங்க, ப்ளூரே டிஸ்க்ல நீக்கப்பட்ட காட்சியா இருக்கு. காமிக்ஸ்ல பீட்டரோட இன்னொரு காதலியான மேரி ஜேனா ஷைலின் வுட்லிய வச்சும் ஷூட் பண்ணாங்க, அதையும் தூக்கிட்டாங்க. கார்ஃபீல்டே படம் வந்த வருஷம் ஒரு பேட்டில ஓப்பனா பேசினாரு, ஸ்க்ரிப்ட் படிச்சப்போ ரொம்ப பிடிச்சிருந்துச்சு, அதுல ஒரு நூல் ஓடிட்டிருந்துச்சு, அங்கங்க எடுத்துட்டே வந்ததுல அந்த நூல் அறுந்து போச்சுங்கற அர்த்தத்துல.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடிட்டிருக்கும்போது, அடுத்த பார்ட்டுக்கு ஏதாவது க்ளூ வரும்னு உக்காந்திருந்தா, வந்தது எக்ஸ்மென் படத்தோட ஒரு சீன். வேற ஸ்டுடியோவோட படம்! மார்க் வெப் ஃபாக்ஸ் கம்பெனிக்கு ஒரு படம் பண்ணித் தர வேண்டிய பாக்கி இருந்துச்சு, அவர சோனிக்கு விட்டுக் குடுத்ததுக்கு பதிலா அவங்க படத்துக்கு இங்க ஓசி விளம்பரம். தன்னோட அடுத்த படங்களுக்கு விளம்பரமா எடுத்த படத்துல, அடுத்தவன் படத்துக்கும் விளம்பரம் ஓட்டிட்டாங்க.

சோனிக்கு இது முதல் தடவையும் இல்லங்கறதுதான் வேடிக்கை. 2007ல ஸ்பைடர்மேன் 3லயும் இதேதான், சாம் ரெய்மி சாண்ட்மேன்ங்கற வில்லனையும் ஹாரியையும் வச்சு கதை பண்ணாரு, ரசிகருங்க கேக்கறாங்கன்னு தயாரிப்பு தரப்பு வெனமையும் உள்ள தள்ளுச்சு, தான் நம்பாத கேரக்டர் மேல படம் எடுத்தா அது தெரிஞ்சிடும்ங்கற மாதிரி பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. மார்வெலும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, அவெஞ்சர்ஸ் ரெண்டாவது படமான ஏஜ் ஆஃப் அல்ட்ரான்ல தோர் ஒரு குகைக்குள்ள போய் தண்ணில இறங்கி எதையோ பாத்துட்டு வருவானே, அந்த சீன் அந்தப் படத்துக்காக இல்ல, இனி வரப்போற படங்களுக்காக.

எதிர்ப்பக்கம் 2004ல வந்த ஸ்பைடர்மேன் 2 எடுத்துக்கோங்க. ஒரே வில்லன், ஒரே கேள்வி: இந்த பொறுப்பே வேண்டாம்னு தூக்கிப் போட்டா என்ன? பீட்டர் பீட்சா டெலிவரிக்கு லேட்டா போய் வேலைய இழக்கறதுலேர்ந்து, ட்ரெயின நிறுத்திட்டு முகமூடி இல்லாம மயங்கி விழறவன ஜனங்க கைமேல தூக்கி உள்ள படுக்க வைக்கிறது வரைக்கும் எல்லா சீனும் அந்த கேள்விக்குத்தான் பதில் தேடுது. ஹாரி அப்பனோட ரகசிய அறைய கண்டுபிடிக்கிறதுன்னு அடுத்த படத்துக்கு ஒரு நூல் அதுலயும் இருக்கு, ஆனா படம் தன் வேலைய முடிச்சதுக்கு அப்புறம்தான் அது வருது.

இவ்ளோ திட்டினேன், இப்போ இந்த படத்த ஏன் என்னால வெறுக்க முடியலன்னு சொல்றேன்.

க்வென் ஸ்டேசி. 1973ல அமேசிங் ஸ்பைடர்மேன் 121வது இதழ், ஜெரி கான்வே எழுத்து, கில் கேன் ஓவியம். காப்ளின் அவள பாலத்து மேலேர்ந்து தள்ளி விடறான், ஸ்பைடர்மேன் வலைய விட்டு கால பிடிச்சிடறான், பிடிச்சிட்டோம்னு சந்தோஷப்படறான், ஆனா அந்த கட்டத்துல அவ கழுத்துகிட்ட சின்னதா ஸ்னாப்னு ஒரு சத்தம் எழுதிருக்கும். விழுந்ததால செத்தாளா, பிடிச்சதால செத்தாளான்னு ஐம்பது வருஷமா சண்டை போட்டுட்டு இருக்காங்க. ஹீரோவோட காதலிய இப்படி சாகடிப்பாங்கன்னு படிச்சவங்க எதிர்பாக்கவே இல்ல.

படத்துல அது கடிகார கோபுரத்துக்குள்ள நடக்குது. பல்சக்கரத்துக்கு நடுவுல வலை அறுந்து அவ கீழ போறா, காமிக்ஸ்ல போட்டிருந்த மாதிரியே பச்சை கோட்டு, இவன் மேலேர்ந்து வலைய விடறான். ஸ்லோ மோஷன்ல அந்த வலை நுனிய பாருங்க, அஞ்சு விரல விரிச்ச கை மாதிரி அவள பிடிக்க நீளும். பிடிச்சும் பிடிச்சிடும். ஆனா கொஞ்சம் லேட். உடம்பு ஒரு உதறு உதறி தலை தரைய தட்டற அந்த சத்தம், அதுக்கு பின்னணி இசையே தேவைப்படல. கடிகார முள்ளு 1 மணி 21 நிமிஷத்துல நின்னிருக்கும், 121வது இதழ சொல்றாங்க. முதல் படம் முடிஞ்சதே லேட்டா வந்த பையனோட வாக்குலதான, அது இங்க வந்து அடிக்குது. இந்த படத்துல குடுத்த வாக்க தீர்த்த ஒரே இடம் இதான், ஜனங்க இன்னிக்கும் ஞாபகம் வச்சிருக்கற ஒரே இடமும் இதான்.

இதுக்கப்புறமாவது நிறுத்திருக்கணும். கல்லறை முன்னாடி பீட்டர் நிக்கறான், மழை, பனி, வெயில்னு காலம் மாறுது, அஞ்சு மாசம் கண்ண மூடி திறக்கறதுக்குள்ள ஓடிடுது, உடனே ரைனோ வந்துடறான், ஸ்பைடர்மேன் பழையபடி ஜோக் அடிச்சுக்கிட்டு திரும்பி வந்துடறான். அழக்கூட டைம் குடுக்கல. யுனிவர்ஸ் காத்துட்டு இருக்கே.

அந்த யுனிவர்ஸ் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அதே 2014 ஜூலைல மூணாவது படத்த 2018க்கு தள்ளினாங்க, நவம்பர்ல சோனியோட கம்ப்யூட்டருங்கள ஹேக் பண்ணி உள்விவகாரம் எல்லாம் சந்தி சிரிச்சுது, 2015 பிப்ரவரில மார்வெலோட கை கோர்க்கறோம்னு அறிவிச்சுட்டாங்க. மூணு, நாலு, சினிஸ்டர் சிக்ஸ் எல்லாம் குப்பைக்கு போச்சு, வெனம் மட்டும் 2018ல வேற ஆள வச்சு வேற மாதிரி வந்துச்சு. 2016ல புது ஸ்பைடர்மேனா டாம் ஹாலண்ட் வந்து நின்னப்போ கார்ஃபீல்டுக்கு ஒரு விடை குடுக்கற சீன்கூட இல்ல.

அப்புறம் 2021 டிசம்பர். மூணு ஸ்பைடர்மேன் நடிகருங்களும் ஒண்ணா வர்ற ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம். க்ளைமாக்ஸ்ல சாரத்துலேர்ந்து ஹாலண்டோட காதலி எம்ஜே விழறா, ஹாலண்ட் கை நீட்டறான், எட்டல, குறுக்க காப்ளினோட பறக்கிற க்ளைடர் வந்து அவன இடிச்சுத் தள்ளிட்டு போயிடுது. பின்னாடியே கார்ஃபீல்ட் குதிக்கிறாரு. இந்த தடவை அவள நோக்கி வலைய விடல, தானே பாஞ்சு போய் அணைச்சுப் பிடிச்சு தரையில இறக்கறாரு. நல்லா இருக்கியான்னு கேக்கறாரு, அவ தலைய ஆட்டிட்டு, நீங்க நல்லா இருக்கீங்களான்னு திருப்பிக் கேக்கறா. அவரால வாய் திறந்து பதில் சொல்ல முடியல, கண்ணு கலங்கி உதடு துடிக்குது.